முகமூடிக்குப் பிள்ளை தாவாது

அந்த உளவாளிப் படத்தின் ஏழாம் பாகத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டமே வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது, ஒரே ஒருவர்தான் உதட்டைப் பிதுக்கினார். எங்கள் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அக்கா.

"எல்லாம் சரி தம்பி. அந்த ஒரு எடந்தான் பொய்யி," என்றார்.

எந்த இடம் என்று கேட்டேன். உளவாளி தன் எதிரியின் முகத்தைப் போலவே ரப்பரில் ஒரு முகமூடி செய்து மாட்டிக்கொண்டு, எதிரியின் வீட்டுக்குள்ளேயே நடந்து போகிற இடம். காவல்காரன் சலாம் போடுகிறான். எதிரியின் மனைவி மேல்கோட்டை வாங்கிக் கொளுவுகிறாள். சின்ன மகன் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். படம் பார்த்த பெண்கள் எல்லோரும் கை தட்டிய காட்சி அது.

"காவக்காரன் ஏமாறுவான். பொண்டாட்டியும் ஏமாறுவா, அவளுக்கு ஆயிரம் வேல. புள்ள ஏமாறாது. முகமூடிக்குப் புள்ள தாவாது தம்பி. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். அப்போது எழுதுவதுதான் என் பிழைப்பு. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தேன். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கிலோ கொழுந்து இறங்கியது, யார் பிள்ளை பெற்றாள் என்று பகலெல்லாம் எழுதுவேன். அக்கா சொன்னதை எழுதியது பதுளை நானாவுக்காக.

நானா பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருந்தவர். ஆபீஸ் வேலையாகப் பதுளைக்குப் போகும்போதெல்லாம் அவரிடம் பென்டிரைவில் படம் ஏற்றிக்கொண்டு வருவேன். அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. படம் ஏற்றிக்கொண்டு போனவன் அடுத்த முறை வரும்போது அது எப்படி இருந்தது என்று சொல்லியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த படம் கிடைக்காது. சொன்னதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பார். "சண்டை பயங்கரம்." "ஹீரோவுக்கு வயசு போயிட்டு." "தமிழ்ல பேசினவருக்குத் தடிமன் போல." அந்த உளவாளிக்கு ஊவா மாகாணம் கொடுத்த தீர்ப்பெல்லாம் அந்தக் கண்ணாடியில் இருந்தது. ஆனால் ஆட்கள் நின்று வாசித்தது, கீழே "மடுல்சீமை அக்கா" என்று போட்டிருந்த காகிதங்களை மட்டும்தான்.

"ஏழு படமா ஓடுறான், ஒரு வாய் சோறு தின்னு நான் பாக்கல."

"போறப்ப ஒருத்தருகிட்டயும் சொல்லிட்டுப் போறதில்ல. அதான் போற எடமெல்லாம் அடி விழுகுது."

"செவப்பு வயரா நீல வயரானு பாத்து அவனுக்கு வேர்த்து ஊத்துது. எங்கிட்ட ஒரே நேரத்துல பதினாலு புள்ள அழும். எனக்கு வேர்க்குதா?"

மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற நீட்டு அறைக்குத்தான் எங்கள் பக்கம் பிள்ளைக்காம்பரா என்று பெயர். தகரக் கூரை, வரிசையாக ஏணைகள், சுவரில் யாரோ வரைந்துவிட்டுப் போன முயல். பிள்ளைகள் பாட்டுப் படிக்கட்டும் என்று ஒரு தர்ம ஸ்தாபனம் டிவி ஒன்று கொடுத்திருந்தது. அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்து கடைசித் தாய் கடைசிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதும், அதே டிவியில் உளவாளி வருவான். அக்கா, பக்கத்து லயத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர், ஆபீஸ் பூட்டிவிட்டு வரும் நான். விளக்கு வைக்கும் நேரம் வரை பார்ப்போம். மிச்சம் மறுநாள்.

அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கல்யாணம் கட்டவில்லை. குட்டையான உடம்பு, இடுப்பு மட்டும் ஒரு பக்கம் சற்றுத் தள்ளியிருக்கும். முப்பது வருடம் அந்தப் பக்கமே பிள்ளை சுமந்த இடுப்பு. வாய் மட்டும் நேராக இருந்தது. ஒருமுறை தோட்டத்தை நடத்தும் துரை வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டி வந்தார். பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை, ஆளுக்கொரு கோப்பைப் பால். வந்த அம்மாள் ஒருத்தி தினமும் பால் கொடுக்கிறீர்களா என்று கேட்க, நான் மொழிபெயர்த்தேன். "நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் குடுக்கிறோம்னு சொல்லுங்க தம்பி," என்றார் அக்கா. நான் "ஆமாம்" என்று மட்டும் மொழிபெயர்த்தேன். இப்போது யோசித்தால், அவருக்கும் எனக்கும் நடுவில் நடந்ததெல்லாம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

காலையில் பிள்ளையை யார் விட்டார்களோ அவர்களிடம்தான் அந்தியில் கொடுக்க வேண்டும், வேறு ஆள் வந்தால் எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும் என்று சுவரில் சட்டம் ஒட்டியிருந்தது. அக்கா அந்தச் சட்டத்தைப் பார்த்ததில்லை. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அந்தியில் பெண்கள் வந்து வாசலில் நிற்பார்கள். மழை நாளில் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு, தலையில் பொலித்தீன், முகத்தில் பாதி தெரியாது. அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து நிற்பார். கையை நீட்டிக் கொடுக்க மாட்டார். பிள்ளை தானாக உடம்பை முன்னால் எறிந்து, இரண்டு கையையும் விரித்துத் தாவ வேண்டும். தாவினால் கொடுப்பார். தாவாவிட்டால் உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

"துண்டு யாரு வேணா எழுதலாம் தம்பி. தாவுறத யாரும் சொல்லிக்குடுக்க முடியாது."

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன ஒருத்தி இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தாள். விமான நிலையத்திலிருந்து வந்த வேனை நேரே பிள்ளைக்காம்பராவுக்கே விட்டாள். கையில் பொம்மை, உடம்பெல்லாம் அத்தர் வாசம். அவள் பெற்ற பிள்ளை அக்காவின் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டது. அக்கா கொடுக்கவில்லை. அவள் அழுதாள், ஏசினாள், ஆபீசுக்கு வந்து என்னிடம் முறையிட்டாள். நான் போய்ச் சொல்லியும் அக்கா அசையவில்லை. "உள்ள வந்து உக்காரும்மா. நாளைக்கும் வா," என்றார். மூன்று நாள் அவள் அந்தத் தரையில் உட்கார்ந்து மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினாள். நாலாம் நாள் அந்தியில் பிள்ளை தாவியது. தோட்டம் இரண்டாகப் பிரிந்து அதைப் பற்றிப் பேசியது. பாதிப் பேர் அக்காவைத் தெய்வம் என்றார்கள். பாதிப் பேர், பெற்றவளிடமே பிள்ளையைக் கொடுக்க மறுக்க இவள் யார் என்றார்கள். நான் இரண்டு கூட்டத்திலும் தலையாட்டினேன்.

ஏழாம் பாகம் பார்த்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பிள்ளைக்காம்பராவில் மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று இருந்தது. தாய் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். தகப்பன் சண்டை போட்டுக்கொண்டு மொனராகலைக்குப் போய்க் கரும்பு லொறியில் வேலை செய்தான். பிள்ளை தாயிடம் இருப்பது, அவன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவது என்று பொலிசில் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிறு குடித்துவிட்டு வந்தான். அதோடு வரவேண்டாம் என்று தாய் சொல்லிவிட்டாள். நாலு மாதம் அவன் பிள்ளையைப் பார்க்கவில்லை.

பகல் இரண்டு மணி, நல்ல மழை. அவன் பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றான். குடிக்கவில்லை. நனைந்திருந்தான். அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வாசற்படிக்கு வந்தார். பிள்ளை அவனைப் பார்த்தது. தாவியது.

கொடுத்துவிட்டார்.

அந்தியில் தாய் வந்தாள். அப்போது நானும் அங்கே இருந்தேன். அக்கா எதையும் மறைக்கவில்லை. அப்பன் வந்தான், கொடுத்தேன், அரை மணியில் கொண்டுவந்து விடுவான் என்று நினைத்தேன், வரவில்லை என்றார். தாய் கத்தவில்லை. தலையில் இருந்த பொலித்தீனைக்கூட எடுக்கவில்லை.

"தாவுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"தாவுச்சு," என்றார் அக்கா.

தாய் திரும்பி லயத்துப் பக்கம் நடந்தாள். அந்த இடத்தில் யாராவது கூச்சல் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் துரை அறிக்கை கேட்டார். பொலிசுக்கும் அதே அறிக்கைதான் போகும் என்றார். நான் சிங்களத்தில் எழுதினேன். சட்டத்தை மீறிப் பிள்ளையைக் கொடுத்தார் என்று எழுதினால் அக்காவுக்கு அன்றோடு வேலை போகும். தாவியது என்று எழுதினால் பிள்ளை தாய்க்குத் திரும்பிக் கிடைக்குமோ கிடைக்காதோ. இரண்டையும் யோசித்தேன் என்றுதான் நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவ்வளவு யோசிக்கவில்லை. கை பழக்கத்தில் எழுதியது. "தகப்பன் பிள்ளையைப் பராமரிப்பாளரின் கையிலிருந்து பலவந்தமாகப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்." அக்காவுக்குச் சிங்களம் வாசிக்க வராது. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்கவும் இல்லை. என்னை அவ்வளவு நம்பினார்.

மொனராகலையில் அவனைக் கண்டுபிடித்து விசாரணைக்குக் கொண்டுவர நாற்பது நாள் ஆனது. விசாரணை பதுளை நீதிமன்றத்தில். அக்காவும் தாயும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம்.  அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். பிள்ளைக்குத் தலை வாரிப் பொட்டு வைத்து, காலுக்குச் சப்பாத்து போட்டிருந்தது. உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. அதை நான் கவனித்தேன், தாயும் கவனித்திருப்பாள்.

"நான் புடுங்கல ஐயா. புள்ளயாத்தான் எங்கிட்ட வந்துச்சு," என்றான் அவன்.

அதன் பிறகு என் அறிக்கையை ஒருவர் தமிழில் வாசித்தார். அக்கா அதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார். பலவந்தமாக என்ற சொல் வந்தபோது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. படத்தில் நம்ப முடியாத காட்சி வரும்போது அப்படித்தான் பார்ப்பார். நான் குனிந்து கொண்டேன்.

இது உண்மையா என்று அக்காவிடம் கேட்டார்கள்.

துரைக்குப் பயப்படாத வாய், விருந்தாளிக்குப் பயப்படாத வாய். பிள்ளை தாவியது என்று சொல்ல அந்த வாய்க்கு ஒரு நொடி போதும். அவருக்கு எதிரே தாய் உட்கார்ந்திருந்தாள். தாய்க்கும் உண்மை தெரியும், வாசலில் அவளே கேட்டுத் தெரிந்துகொண்டது. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க ஐயா. புடுங்குனாரு," என்றார் அக்கா.

பிள்ளை தாயிடம் வந்தது. தகப்பன் தோட்டத்துப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவானது. அக்காவுக்கு வேலையும் போகவில்லை. நான் எழுதிய அறிக்கைகளிலேயே நினைத்த காரியத்தை முழுதாகச் செய்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அக்காவிடம் பெரிய மாற்றம் ஒன்றும் வெளியே தெரியவில்லை. ஏணை ஆட்டினார், சோறு ஊட்டினார், மூக்குத் துடைத்தார். அந்தியில் வாசற்படியில் நின்று காத்திருப்பதை மட்டும் விட்டுவிட்டார். யார் விட்டார்கள், யார் வந்திருக்கிறார்கள் என்று பதிவுக் கொப்பியைப் பார்த்து, பிள்ளையைத் தூக்கிக் கையில் கொடுத்தார். தாவுகிறதா இல்லையா என்று பார்க்கவில்லை. பிள்ளைகளும் சில நாளில் அதற்குப் பழகிக்கொண்டன.

அந்தப் பெண்பிள்ளை முதலில் தினமும் கேட்டது. சோறு ஊட்டும்போது, "அப்பா எங்க?" தூங்க வைக்கும்போது, "அப்பா எங்க?" அக்கா பதில் சொல்ல மாட்டார், அடுத்த உருண்டையை வாயில் வைப்பார். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்டது. பிறகு வாரத்துக்கு ஒருமுறை. மழைக்காலம் முடிந்து பனி தொடங்கியபோது கேட்பதை விட்டுவிட்டது. எந்த நாளில் விட்டது என்று என்னால் சொல்ல முடியாது. அக்காவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இடையில் எட்டாம் பாகம் வந்தது. நானா அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். "இத அக்காக்குத்தான் மொதல்ல குடுக்கிற. என்ன சொல்றாங்கன்னு பார்த்து வாங்க தம்பி," என்றார். அதில் உளவாளி ஒரு நகரத்தையே காப்பாற்றுவதற்காகத் தன் கூட்டாளியின் மேல் பழியைப் போடுகிறான். கூட்டாளி சிறையில் இருக்கிறான், நகரம் பிழைத்துக்கொள்கிறது, பாட்டு வருகிறது. பெண்கள் கை தட்டினார்கள். நான் டிவியைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்படிக்கா?" என்றேன்.

"பாத்தேன் தம்பி."

"என்ன நெனைக்கிறீங்க?"

"அதான் பாத்தேன்."

நானாவிடம் அதையே சொன்னேன். "பாத்தேன்டு சொல்றது ஒரு கருத்தா தம்பி?" என்று அலுத்துக்கொண்டார். கண்ணாடியில் அக்காவுக்காக விட்டிருந்த இடத்தில், "பாட்டு மோசம்" என்று யாரோ சொன்னதை ஒட்டிவிட்டார்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் வந்ததில்லை. மொனராகலைக்குப் போகவேண்டும், சிங்களத்தில் இருக்கும் பஸ் பலகை வாசிக்கத் தெரியாது, கூட வருகிறீர்களா என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பசறையில் இறங்கி பஸ் மாறினோம். மலை இறங்க இறங்க வெக்கை ஏறியது. அக்கா போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மலையை விட்டு அவர் இவ்வளவு தூரம் கீழே வந்தது அதுதான் முதல் தடவை என்றார்.

அவன் ஒரு கரும்புத் தோட்டத்து ஓரத்தில் ஒற்றை அறை வீட்டில் இருந்தான். எங்களைப் பார்த்ததும் கதிரையை எடுத்துப் போட்டான். ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். தேத்தண்ணி ஊற்றி வந்து கொடுத்தான். சுவரில் ஒரு ஆணியில் பிள்ளையின் சின்னச் சட்டை ஒன்று தொங்கியது. நாற்பது நாள் அங்கே இருந்தபோது வாங்கியதாக இருக்கும்.

அக்கா தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"தம்பி, அன்னிக்கு நான் சொன்னது பொய்யி. நீ புடுங்கல. புள்ள தாவுச்சு, நாந்தான் குடுத்தேன். ஒன் மொகத்தப் பாத்துச் சொல்லணும்னு வந்தேன்."

"தெரியுங்களே," என்றான் அவன். அவனுக்குத் தெரியாதா.

 வெளியே லொறி ஒன்று போனது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"புள்ள என்னையக் கேக்குதாக்கா?"

ஒரு சொல்தான். கேட்கிறது என்றால் முடிந்தது. சில மாதத்துக்கு முன்னால் அது உண்மையும்கூட. சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"மொதல்ல கேட்டுச்சு. தெனமும் கேட்டுச்சு," என்றார் அக்கா. "இப்ப கேக்குறதில்ல தம்பி."

அவன் தலையை ஆட்டினான். எங்கள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது. இரண்டு கோப்பை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. அவன் வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லிக்கொண்டு புறப்பட்டோம்.

திரும்பும் பஸ்ஸில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"கேக்குதுனு சொல்லியிருக்கலாமேக்கா. அந்த மனுசனுக்கு அது ஒன்னாவது மிஞ்சியிருக்கும்."

அக்கா கம்பளிச் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். குளிர் தொடங்கிவிட்டது. பொத்தான் எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகுதான் பேசினார்.

"ஒரு பொய்யிலயே புள்ளைக்கு அப்பன் இல்லாமப் போச்சு தம்பி. ரெண்டாவது எதுக்கு?"

அந்த முதல் பொய்யை எழுதியது நான். அவன் வீட்டில் அவர் என் பெயரை எடுக்கவில்லை. பஸ்ஸிலும் எடுக்கவில்லை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பசறை வந்துவிட்டது. இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம்.